கணிப்பொறியின் நேரத்தைப் பங்கிடுதல்

கிடைப்பது குறைவு, கேட்போர் பலர் என்ற நிலை எழும் இடங்களிலெல்லாம் பங்கீட்டு முறை ஒன்று தேவைப்படுகிறது. பாசன நீர், மின்சாரம், ரயில் பெட்டியின் இருக்கை ஆகியவற்றுக்குப் பொருந்தும் இவ்விதி கணிப்பொறிக்கும் பொருந்தும். பெருங்கணிப்பொறி என வழங்கப்படும் மெயின்ஃபிரேம், ஒருவருக்காக நிறுவப்படுவதன்று. நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான பயனாளர்கள் ஒரே நேரத்தில் அதனிடம் வேலை கேட்கின்றனர். யாருடைய வேலையை முதலில் ஏற்பது, யாரைக் காத்திருக்கச் செய்வது என்ற தீர்மானம் விநாடிக்குப் பலமுறை எடுக்கப்பட்டாக வேண்டும். மனிதரால் இயலாத இப்பணியைக் கணிப்பொறியின் இயக்கு முறைமையே தானாகச் செய்யும் வழிகள் கடந்த அறுபது ஆண்டுகளில் படிப்படியாக உருவாயின. அவ்வழிகளின் அடிப்படையையும், அவற்றில் இயந்திரத்தின் பொறுப்பு எங்கு முடிந்து நிர்வாகத்தின் பொறுப்பு எங்குத் தொடங்குகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தும்பாவிலிருந்து தொடங்கிய தேவை

திருவனந்தபுரம் இப்பொருளுக்குப் பொருத்தமான களமாகும். நகருக்கு வடக்கே உள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று, அமெரிக்கா அளித்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. அந்த ஏவுதளம் 1968 பிப்ரவரி 2 அன்று ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பல நாடுகள் அதற்குக் கருவிகளை வழங்கின. சோவியத் யூனியனிடமிருந்து மின்ஸ்க் வகைக் கணிப்பொறி ஒன்று கிடைத்தது. 1971 டிசம்பர் 30 அன்று டாக்டர் விக்ரம் சாராபாய் கோவளத்தில் காலமானார். அவர் பெயரால் 1972-இல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அமைந்தது. எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1980 ஜூலை 18 அன்று ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, அவ்வெற்றிக்குப் பின்னால் பாதைக் கணக்கீடு, கட்டமைப்பின் உறுதி, வெப்பப் பரவல், காற்றியக்கம் எனப் பல பிரிவுகளின் கணிப்புகள் இருந்தன.

இப்பிரிவுகள் அனைத்துக்கும் கணிப்பொறியின் நேரம் வேண்டும். ஆனால் அக்காலத்தில் நாட்டில் பெருங்கணிப்பொறிகள் மிகச் சிலவே. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 வந்தது. சென்னையில் உள்ள தொழில்நுட்பக் கழகம் 1973-இல் ஐ.பி.எம். 370/155 பொறியைப் பெற்றது. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. மற்றொரு பொறியை வாங்குவது எளிய தீர்வாக இல்லாத நிலையில், இருக்கும் பொறியின் ஒவ்வொரு விநாடியையும் பயனுள்ளதாக்குவதே வழியாக இருந்தது. வளத்தின் தட்டுப்பாடே மேலாண்மையைக் கற்பித்தது எனலாம்.

வீணாகும் நேரம்

தொடக்ககாலக் கணிப்பொறிகள் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்தன. பயனாளர் தம் நிரலைத் துளையட்டைகளில் பதித்து, அட்டைக் கட்டினை அலுவலகத்தில் ஒப்படைப்பார். இயக்குநர் கட்டுகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகப் பொறியில் இடுவார். விடைத்தாள் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கிடைக்கும். அவசர வேலை வந்தால் வரிசையை மாற்றும் அதிகாரம் இயக்குநரின் கையில் இருந்தது. வளப் பங்கீடு என்பது அன்று முற்றிலும் மனிதர் செய்த வேலை.

இம்முறையின் குறையைச் சிறு கணக்கு ஒன்று புலப்படுத்தும். நிமிடத்துக்கு 1,000 அட்டைகளைப் படிக்கும் கருவி, ஓர் அட்டைக்கு ஒரு விநாடியில் 1,000-இல் 60 பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 5 லட்சம் கட்டளைகளைச் செய்து முடிக்கும் மையச் செயலகம், அந்நேரத்தில் 30,000 கட்டளைகளைச் செய்திருக்கக்கூடும். ஆனால் அடுத்த அட்டை வரும்வரை அது சும்மா நிற்கிறது. விலையுயர்ந்த உறுப்பு மலிவான உறுப்புக்காகக் காத்திருக்கும் இந்நிலை நீடிக்கலாகாது என்பதே பல்வேலை முறைக்குக் காரணமாயிற்று. பல நிரல்களை ஒருசேர நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒன்று அட்டைக்காகவோ நாடாவுக்காகவோ காத்திருக்கையில் மற்றொன்றை இயக்குவது அதன் கருத்து. ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் அறிவித்த 360 வரிசைக் கணிப்பொறிகளின் இயக்கு முறைமை இக்கருத்தைப் பரவலாக்கியது.

பங்கிட வேண்டிய வளங்கள் நான்கு வகைப்படும். முதலாவது மையச் செயலகத்தின் நேரம். இரண்டாவது நினைவகத்தின் இடம். மூன்றாவது வட்டு, நாடா போன்றவற்றுக்குச் செல்லும் தடங்கள். நான்காவது ஒருவர் கையாளும்போது மற்றவர் தொடலாகாத கோப்புகளும் பதிவுகளும். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. நினைவகம் கிடைக்காத வேலைக்குச் செயலகத்தின் நேரத்தை வாரி வழங்கியும் பயன் இராது. வளங்களைத் தனித்தனியே அல்லாமல் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருப்பதே இப்பணியின் கடினம்.

குறுகிய வேலையும் நீண்ட வேலையும்

செயலகத்தின் நேரத்தைப் பங்கிடுவதற்கு எல்லோருக்கும் சம அளவு என்பது முதற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அரை விநாடியில் முடியும் வினவல் ஒன்றும் ஆறு மணி நேரம் ஓடும் பாதைக் கணிப்பு ஒன்றும் ஒரே வரிசையில் நிற்கும்போது, முன்னதைக் காத்திருக்க வைப்பதால் பலர் இடருறுவர். பின்னதை அரை விநாடி தாமதிப்பதால் எவருக்கும் இழப்பில்லை. எனவே குறுகிய வேலைக்கு முன்னுரிமை தருவது சிறந்தது. எனினும் எந்த வேலை குறுகியது என்பது தொடங்கும்போது தெரிவதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் உருவாக்கிய நேரப்பகிர்வு முறை இதற்கு எளிய தீர்வைக் கண்டது. புதிதாக வரும் வேலை எதுவாயினும் முதலில் உயர்ந்த முன்னுரிமையும் சிறிய நேரத்துண்டும் பெறும். அத்துண்டுக்குள் முடியாவிட்டால் ஒரு படி கீழிறங்கும். அங்கு முறை அரிதாக வரும், ஆனால் துண்டு பெரிதாக இருக்கும். இவ்வாறு வேலையின் தன்மையை அதன் நடத்தையே வெளிப்படுத்துகிறது. பயனாளர் எதனையும் அறிவிக்க வேண்டியதில்லை. இன்றைய இயக்கு முறைமைகள் பலவற்றில் இக்கருத்தின் சாயலைக் காணலாம்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. குறுகிய வேலைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், கீழ்ப்படியில் உள்ள நீண்ட வேலைக்கு முறை வாராமலே போகலாம். நாஞ்சில் நாட்டு உழவர்களுக்கு இந்நிலை புதிதன்று. திருவிதாங்கூர் ஆட்சியில் கட்டப்பெற்று 1906-இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையின் நீர், கால்வாய்களின் வழியே செல்லும்போது தலைமடையில் தடையின்றிப் பாயலாம். கடைமடை வயல் காயலாம். அணையில் நீர் இருந்தும் பயிர் வாடுமாயின் குறை அணையில் இல்லை, முறையில் உள்ளது. அதனால்தான் முறைப்பாசனத்தில் கடைமடைக்கென நாள் ஒதுக்கப்படுகிறது. கணிப்பொறியிலும் நீண்டகாலம் காத்திருக்கும் வேலையின் முன்னுரிமையைச் சிறிது சிறிதாக உயர்த்தும் ஏற்பாடு இதே நோக்கமுடையது.

அதிகம் ஏற்பதால் குறையும் பயன்

நினைவகத்தைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962-இல் செயற்பட்ட அட்லஸ் கணிப்பொறி புதிய வழி ஒன்றைக் காட்டியது. நிரலைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து, உடனடியாகத் தேவைப்படும் பக்கங்களை மட்டும் முதன்மை நினைவகத்தில் வைத்து, ஏனையவற்றை வெளிச் சேமிப்பில் நிறுத்துவதே அது. மெய்நிகர் நினைவகம் எனப்படும் இம்முறையால், உள்ள இடத்தைவிடப் பெரிய நிரல்களும் கூடுதல் எண்ணிக்கையிலான நிரல்களும் இயங்க முடிந்தது.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரமும், வட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கொணர விநாடியில் ஆயிரத்தில் முப்பது பங்கும் ஆகுமெனக் கொண்டால், பின்னது முன்னதைப்போல் 30,000 மடங்கு. மிகுதியான வேலைகளை ஒருசேர ஏற்றுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் சுருங்குகிறது. ஒரு வேலை தனக்குத் தேவையான பக்கத்தைக் கொணர்ந்தவுடன், அது மற்றொரு வேலையின் பக்கத்தை வெளியேற்றுகிறது. சற்று நேரத்தில் அதுவும் தன் பக்கத்தைத் திரும்பக் கேட்கிறது. பக்கங்களைப் புரட்டுவதிலேயே பொழுது கழிந்து, உண்மையான வேலை நின்றுபோகிறது. செயலகம் வேலையின்றி நிற்பதைக் காணும் எளிய மேலாண்மை முறை, இன்னும் வேலைகளை ஏற்கலாம் எனத் தவறாக முடிவு செய்து நிலைமையை மேலும் சீர்குலைக்கிறது.

அமெரிக்க அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-இல் இவ்வீண் புரட்டலின் காரணத்தை விளக்கினார். ஒவ்வொரு நிரலும் அண்மையில் பயன்படுத்திய பக்கங்களின் தொகுதியே அது செயற்படத் தேவையான குறைந்தபட்ச இடம். அவ்விடத்தை அளிக்க இயலாவிடில் அவ்வேலையைத் தொடங்கவே கூடாது. தொடங்கியிருந்தால் முழுவதுமாக வெளியே நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. பத்து வேலைகளையும் ஒருசேரத் தொடங்கி எதனையும் முடிக்காமல் இருப்பதைவிட, ஆறினை இயக்கி நான்கினைக் காத்திருக்கச் செய்தால் பத்தும் விரைவில் முடியும். நிதி ஒதுக்கீட்டைச் சிதறடித்துப் பல திட்டங்களை அரைகுறையாக நிறுத்தும் நிர்வாகத்துக்கும் இது பொருந்தும் பாடமாகும்.

தானியங்கு மேலாண்மையின் வளர்ச்சி

ஐ.பி.எம். நிறுவனம் 1974-இல் வெளியிட்ட எம்.வி.எஸ். இயக்கு முறைமையில், வள மேலாளர் என்னும் தனிப் பகுதி அமைந்தது. இது செயலகம் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது, பக்கங்கள் எவ்வளவு விரைவில் புரட்டப்படுகின்றன என்பனவற்றை இடைவிடாது அளந்தது. அளவுகள் எல்லை மீறினால் இயங்கும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. இடம் இருந்தால் கூட்டியது. இயக்குநரின் அனுபவ அறிவு செய்த வேலையை அளவீடும் விதியும் ஏற்றுக்கொண்டன.

எனினும் விதிகளை எண்களாக எழுதித் தரும் பொறுப்பு அமைப்பு வல்லுநரிடம் இருந்தது. எந்தப் பிரிவுக்கு எத்தனை வேலைகள் நினைவகத்தில் இருக்கலாம், எந்த அளவு சேவைக்குப் பின் முன்னுரிமை குறைய வேண்டும் என்பன போன்ற பல எண்களை அவர் நிர்ணயிக்க வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் எதிர்பாராத இடத்தில் விளைவு தோன்றும். பொறியை மாற்றினாலோ பணிச்சுமை மாறினாலோ எண்கள் அனைத்தையும் மீண்டும் ஆராய வேண்டும். மேலும் இவ்வெண்கள் எவற்றையும் ஒரு துறைத் தலைவரால் படித்துப் புரிந்துகொள்ள இயலாது. என்ன முடிவு வேண்டும் என்பதைக் கூறாமல், எவ்வாறு செய்ய வேண்டும் என்பதையே அவை கூறின.

இக்குறையைப் போக்க 1994-இல் எம்.வி.எஸ். முறைமையின் புதிய பதிப்பில் பணிச்சுமை மேலாளர் அறிமுகமாயிற்று. இங்கு நிர்வாகம் குறிக்கோளை மட்டும் எழுதித் தருகிறது. அதனை அடையும் வழியை இயந்திரம் தேடிக்கொள்கிறது. வேலைகள் சேவை வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குறிக்கோளும், 1 முதல் 5 வரை ஒரு முக்கியத்துவ எண்ணும் உண்டு. எண் 1 மிக உயர்ந்தது. குறிக்கோள் இல்லாமல், மிஞ்சியதைப் பெற்று நடக்கும் வேலைகள் தனி வகுப்பாகும்.

குறிக்கோள்களில் இரு வகைகள் முதன்மையானவை. வினவல் போன்ற குறுகிய பணிகளுக்கு மறுமொழி நேரம் குறிக்கோளாகும். இதனைச் சராசரியாகக் கூறுவதைவிட விழுக்காடாகக் கூறுவது நலம். 100 வினவல்களில் 95 ஒவ்வொன்றும் 0.4 விநாடியிலும், 5 ஒவ்வொன்றும் 20 விநாடியிலும் முடிந்தால் சராசரி 1.38 விநாடியாகும். அந்த எண் யாருடைய அனுபவத்தையும் குறிக்கவில்லை. பத்தில் ஒன்பது வினவல்கள் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும் எனக் கூறினால் உண்மை நிலை விளங்கும். நீண்ட வேலைகளுக்கு வேகம் என்னும் அளவு பயன்படுகிறது. கால் விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரிகளில், வேலை வளத்தைப் பயன்படுத்திய தடவைகளும் வளத்துக்காகக் காத்திருந்த தடவைகளும் எண்ணப்படும். இவ்விரண்டின் கூட்டுத்தொகையில் பயன்படுத்திய தடவைகள் எத்தனை விழுக்காடு என்பதே அதன் வேகம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாநிலத் தலைநகரில் நான்கு பணிகள் ஒரே பெருங்கணிப்பொறியில் நடப்பதாக எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை மாணவர் அறியும் வினவல் ஒன்று. கருவூலப் பட்டியல்களுக்குப் பணம் வழங்கும் பணி இரண்டு. அரசு ஊழியர் சம்பளக் கணக்கு மூன்று. புள்ளிவிவர ஆய்வு நான்கு. முதலாவதற்கு முக்கியத்துவம் 1, பத்தில் ஒன்பது வினவல்கள் 1 விநாடிக்குள் என்ற குறிக்கோள். கருவூலத்துக்கு முக்கியத்துவம் 2, அதே விழுக்காட்டில் 2 விநாடி. சம்பளக் கணக்குக்கு முக்கியத்துவம் 3, வேகம் 40. புள்ளிவிவரத்துக்குக் குறிக்கோள் இல்லை.

தேர்வு முடிவு வெளியாகும் காலையில் வினவல்கள் பெருகுகின்றன. பத்தில் ஒன்பது வினவல்கள் முடிய 1.6 விநாடி ஆகிறது. அடைந்ததைக் குறிக்கோளால் வகுத்தால் 1.6 கிடைக்கிறது. இது செயல்திறன் குறியீடு எனப்படும். குறியீடு 1-க்கு மேற்பட்டால் குறிக்கோள் தவறியது என்றும், 1-க்குக் குறைந்தால் தேவைக்கு மேல் கிடைக்கிறது என்றும் பொருள். கருவூலப் பணி 1.2 விநாடியில் முடிவதால் அதன் குறியீடு 0.6. சம்பளக் கணக்கின் வேகம் 60. வேகத்துக்குக் குறிக்கோளை அடைந்ததால் வகுக்க வேண்டுமாதலால் குறியீடு ஏறத்தாழ 0.67.

பணிச்சுமை மேலாளர் ஏறத்தாழப் பத்து விநாடிக்கு ஒருமுறை இக்குறியீடுகளை ஆராய்கிறது. இடர்ப்படும் மிக முக்கியமான வகுப்பைத் தேர்கிறது. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று மாதிரிகளைக் கொண்டு அறிகிறது. செயலகத்துக்காகக் காத்திருந்தால் அதன் முன்னுரிமையை உயர்த்தும். நினைவகத்துக்காகக் காத்திருந்தால் பக்கங்களைக் காக்கும். பின்னர் அவ்வளத்தை யாரிடமிருந்து எடுக்கலாம் எனத் தேடுகிறது. குறிக்கோள் இல்லாத புள்ளிவிவர ஆய்வே முதலில் விட்டுக்கொடுக்கும். போதாதெனில் குறிக்கோளுக்கு மேல் பெற்றுக்கொண்டிருக்கும் சம்பளக் கணக்கும் கருவூலமும் கருதப்படும். மாற்றத்தால் வரும் நன்மையும் இழப்பும் முன்கூட்டியே மதிப்பிடப்படுகின்றன. நன்மை போதிய அளவில் இல்லையெனில் மாற்றம் செய்யப்படுவதில்லை. செய்தபின் மீண்டும் அளவீடு; மீண்டும் திருத்தம். ஒரேயடியாகப் பெரிய மாற்றத்தைச் செய்யாமல் சிறு படிகளாக முன்னேறுவதே இதன் இயல்பு.

ஒரே பொறியைப் பல தருக்கப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனி இயக்கு முறைமையை இயக்கும் வசதி 1988-இல் ஐ.பி.எம். பொறிகளில் வந்தது. இரண்டாயிரமாவது ஆண்டில் வெளிவந்த பெருங்கணிப்பொறி வரிசையில், ஒரு பகுதியின் செயலகப் பங்கை மற்றொரு பகுதிக்குத் தானாகவே மாற்றும் ஏற்பாடும் சேர்ந்தது. ஒரு துறையின் ஒதுக்கீடு பயன்படாமல் கிடக்கையில் மற்றொரு துறை திணறும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது.

அதிவேகக் கணிப்பொறியின் வரிசை

விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே 2 அன்று இயங்கத் தொடங்கிய சாகா-220 அதிவேகக் கணிப்பொறி வேறு வகையைச் சேர்ந்தது. 400 வரைகலைச் செயலகங்களும் 400 மையச் செயலகங்களும் இணைந்த இத்தொகுதி, விநாடிக்கு 220 லட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்யும் உச்சத் திறனுடன் ஏறத்தாழ 14 கோடி ரூபாய்ச் செலவில் மையத்தின் வல்லுநர்களால் உருவாக்கப்பட்டது. காற்றியக்க ஆய்வு போன்ற கடும் கணக்கீடுகள் இதன் நோக்கம்.

இத்தகைய தொகுதிகளில் ஒரு செயலகத்தைப் பலர் நொடிக்கு நொடி பகிர்வதைவிட, பல செயலகங்களை ஒரு வேலைக்குச் சில மணி நேரம் ஒதுக்கித் தருவதே பொதுவான வழக்கம். இங்கு எழும் சிக்கல் வேறு. 400 அலகுகள் கொண்ட தொகுதியில் 300 அலகுகளை ஒரு வேலை இன்னும் 4 மணி நேரம் பயன்படுத்தவிருக்கிறது எனக் கொள்ளலாம். அடுத்து நிற்கும் வேலைக்கு 350 அலகுகள் வேண்டும். அது 4 மணி நேரம் காத்திருந்தே ஆக வேண்டும். அதற்குப் பின்னால் 80 அலகுகளும் 3 மணி நேரமும் கேட்கும் சிறிய வேலை ஒன்று நிற்கிறது. அதனை உடனே தொடங்கினால் எவருக்கும் தாமதமில்லை; வீணாகும் 100 அலகுகளில் 80 பயன்படும். அதே வேலை 6 மணி நேரம் கேட்டிருந்தால், நான்காம் மணியில் 320 அலகுகளே மிஞ்சி, முன்னால் நின்றவருக்கு அநீதி நேரும். ஆகவே அது மறுக்கப்படும். இடைவெளி நிரப்புதல் எனப்படும் இம்முறை, பயனாளர் தம் தேவையை நேர்மையாக மதிப்பிடுவதைச் சார்ந்துள்ளது. அச்சத்தால் மிகுதியாகக் கேட்பவர் இடைவெளியில் நுழையும் வாய்ப்பை இழக்கிறார். குறைத்துக் கேட்பவரின் வேலை குறித்த நேரத்தில் நிறுத்தப்படுகிறது.

இயந்திரம் தீர்மானிக்க இயலாதவை

தானியங்கு மேலாண்மை எல்லையற்றதன்று. வளத்தை அது உண்டாக்குவதில்லை, உள்ளதைப் பங்கிடுகிறது. அனைத்து வகுப்புகளும் ஒருசேரக் குறிக்கோள் தவறுமாயின், முறைமையைத் திருத்துவதால் பயனில்லை. பொறியின் திறனைக் கூட்டவோ, வேலையை வேறு நேரத்துக்கு மாற்றவோ வேண்டும். அத்தகைய நிலையை ஐயத்துக்கிடமின்றி எண்களால் காட்டுவதே இம்முறையின் ஒரு நன்மை.

முன்னுரிமை தலைகீழாகும் இடமும் உண்டு. முக்கியத்துவம் குறைந்த வேலை ஒன்று ஒரு பதிவைப் பூட்டி வைத்துக்கொண்டிருக்கையில், அதன் முறை வராமல் நின்றுவிட்டால், அப்பதிவை எதிர்நோக்கும் மிக முக்கியமான வேலையும் நின்றுபோகும். 1997 ஜூலையில் செவ்வாய்க் கோளில் இறங்கிய அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி இக்காரணத்தால் திரும்பத் திரும்பத் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. பூட்டை வைத்திருக்கும் வேலைக்குத் தற்காலிகமாக உயர் முன்னுரிமை தரும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்டதும் குறை நீங்கியது. பெருங்கணிப்பொறிகளிலும் இதனையொத்த பாதுகாப்பு உண்டு.

செலவும் இதில் அடங்கும். பெருங்கணிப்பொறி மென்பொருளுக்குரிய மாதக் கட்டணம், தொடர்ந்த நான்கு மணி நேரச் சராசரிப் பயன்பாட்டின் உச்சத்தைக் கொண்டு கணக்கிடப்படும் முறை பரவலாக இருந்து வந்துள்ளது. அவசரமற்ற வேலை ஒன்று உச்ச நேரத்தில் ஓடினால் மாதம் முழுவதற்கும் கட்டணம் உயரக்கூடும். சராசரிக்கு உச்சவரம்பு நிர்ணயித்தால் பணிச்சுமை மேலாளர் அதனை மீறாமல் காக்கும். அவ்வாறு காக்கையில் யாருடைய வேலை தாமதமாகும் என்பதை முக்கியத்துவ எண்களே தீர்மானிக்கின்றன.

இங்குதான் நிர்வாகத்தின் பொறுப்பு தொடங்குகிறது. எந்தப் பணி முதன்மையானது என்பது கணிதக் கேள்வியன்று. கருவூலமா, தேர்வு முடிவா என்று பொறி அறியாது. ஒவ்வொரு துறையும் தன் வேலைக்கே எண் 1 வேண்டுமெனக் கேட்டு, அவை அனைத்தும் வழங்கப்பட்டால், தரவரிசை என்பதே மறைந்து, பங்கீடு மீண்டும் தற்செயலின் கைக்குப் போய்விடும். குறிக்கோளைத் தேவைக்கு மேல் கடுமையாக எழுதினாலும் விளைவு அதுவே. ஒருமுறை எழுதிய விதியை ஆண்டுக்கணக்கில் திருத்தாமல் விடுவதும் தவறாகும். மார்ச் மாதக் கருவூல நெருக்கடிக்கும் மே மாதத் தேர்வு முடிவுக்கும் ஒரே விதி பொருந்தாது. தேவைக்கேற்பக் கொள்கைகள் பலவற்றை முன்கூட்டியே எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வசதியைப் பணிச்சுமை மேலாளர் அளிக்கிறது. அவ்வசதியைப் பயன்படுத்துவது மனிதரின் கடமை.

கடைமடைக்கும் நீர் சேர வேண்டும்

ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் இந்தியாவை விட்டு நீங்கியபோது, அது விட்டுச்சென்ற பொறிகளைப் பராமரிக்கும் பணியைப் பொதுத்துறையைச் சேர்ந்த சி.எம்.சி. நிறுவனம் ஏற்றது. பழைய பொறிகளை நெடுநாள் பயன்படுத்த வேண்டியிருந்த அக்காலம், வளத்தைச் சிக்கனமாகக் கையாளும் வல்லுநர் பலரை உருவாக்கியது. கேரளத் தலைநகரில் 1990-இல் டெக்னோபார்க் தொடங்கியபின், வெளிநாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மென்பொருள் செய்வோரின் தொகை பெருகிற்று. பெருங்கணிப்பொறிகள் இன்றும் வங்கித்துறையில் பணியாற்றுகின்றன. அவற்றை அறிந்தோரின் தேவையும் நீடிக்கிறது.

கணிப்பொறி பயிலும் மாணவருக்கு இத்துறை தரும் பாடம், அளவிடாத எதனையும் திருத்த இயலாது என்பதும், அதிகம் ஏற்பது அதிகம் முடிப்பதாகாது என்பதும் ஆகும். அலுவலருக்கு இது தரும் பாடம் வேறு. பங்கீட்டை இயந்திரத்திடம் ஒப்படைத்த பின்னும், பங்கீட்டின் நியாயத்துக்குப் பொறுப்பு அவருடையதே. காத்திருப்போர் யார், எவ்வளவு நேரம், எதன் பொருட்டு என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடையளிக்கும் நிர்வாகத்தின் கையில்தான் தானியங்கு மேலாண்மை பயன் தருகிறது. குறிக்கோள் ஏதும் பெறாத வகுப்பில் கிடக்கும் வேலையும் ஒரு மனிதருடைய வேலையே. அது எத்தனை நாள் காத்திருக்கிறது என்று மாதம் ஒருமுறையேனும் பார்க்கும் வழக்கம், ஒவ்வொரு கணிப்பொறி நிலையத்திலும் ஏற்பட வேண்டும்.